ஒன்பதாவது கட்டம்

காட்டு இலாகாவின் தீ அறிக்கைப் படிவத்தில் ஒன்பதாவது கட்டம், தீ எப்படிப் பிடித்தது என்று கேட்கும். அதை உண்மையாக நிரப்புகிற அசடு உலகத்தில் ஒருத்தன்கூட இருக்க மாட்டான் என்று நான் இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் தெரிந்துகொண்டிருந்தேன். அப்படியும் ஒருவர் இருந்தார். அவர் என் தங்கை காமுவின் புருஷன்.

என் பெயர் பட்டாபிராமன். கல்கத்தாவில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஹெட் அசிஸ்டெண்ட். எந்த ஆபீஸ் என்று கேட்க வேண்டாம், சொல்லப் போவதில்லை. மாகாணத்தின் எந்த மூலையில் எந்தக் காடு எரிந்தாலும் அந்தக் காகிதம் என் மேஜையைத் தாண்டித்தான் துரையிடம் போக வேண்டும். வீடு பாலிகஞ்சில். காலை ரயிலில் ஸியால்தா, அங்கிருந்து டிராமில் ஆபீஸ் இருக்கிற லால்திகி. மதராஸிகளுக்கு இங்கிலீஷ் வரும், கையெழுத்து அழகாக வரும், எதிர்த்துப் பேச மட்டும் வராது என்று துரைமார்களுக்கு ஓர் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தின் தயவில்தான் எங்களில் பாதிப் பேர் இந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நானும் அதைக் கெடுக்க நினைத்ததில்லை.

ஒன்பதாவது கட்டத்தின் விஷயம் இதுதான். ஒவ்வொரு ரேஞ்சரும் வருஷத்துக்கு ஒரு முறை, தன் காட்டில் பிடித்த தீயையெல்லாம் எழுதி அனுப்புவார். நூற்றுக்கணக்கில் வரும். அதையெல்லாம் சேர்த்து ஒரே ஸ்டேட்மெண்டாக ஆக்குவது என் வேலை. என் ஸ்டேட்மெண்டில் காரணத்துக்கு நாலே தலைப்புதான்: ரயில் பொறி, கிராமத்தார், மின்னல், காரணம் தெரியவில்லை. முதல் மூன்றில் அடங்காதது எதுவானாலும் நான்காவதில் தள்ளி, ரேஞ்சரின் அறிக்கை மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். ஒரு ரேஞ்சர் அரைப் பக்கம் புலம்பியிருந்தாலும் சரி, பிள்ளையார் சுழி போட்டு ராமாயணமே எழுதியிருந்தாலும் சரி, எனக்கு அது நான்காவது தலைப்பு. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். ஸ்டேட்மெண்ட் என்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?

என் மாப்பிள்ளை சுந்தரேசன் டேராடூன் காட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்து ரேஞ்சரானவர். ஒரிஸ்ஸா பக்கத்தில் ஒரு சால் மரக் காட்டில் எட்டு வருஷமாக இருந்தார். நல்ல மனிதர். ஆனால் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல வராது. தன் கல்யாணத்திலேயே மாமனாரிடம், சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னவர். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

1908-ஆம் வருஷம் ஜூலையில் அவருடைய தீ அறிக்கை வந்தது. பார்த்தேன். முந்தின டிசம்பரில் பிடித்த ஒரு தீக்கு நேரே ஒன்பதாவது கட்டத்தில், குண்டு குண்டான எழுத்தில், “என்னால் வைக்கப்பட்டது” என்று எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? பனி ஈரம் இருக்கும்போது ஓடைக்கரையோரம் இரண்டு பர்லாங் அகலத்துக்குச் சருகை எரித்ததாகவும், ஏப்ரலில் கிராமத்துப் பக்கமிருந்து வந்த பெருந்தீ அந்த எரிந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டதாகவும், மேல் காடு முழுக்கத் தப்பியதாகவும், பக்கத்துப் பத்தியில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார். காட்டில் தீயே கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. வைத்தவன் சர்க்கார் உத்தியோகஸ்தனாக இருந்தால் வேலை போகும், கேஸும் வரும். இது தெரிந்த மனிதர், தன் கையாலேயே, கையெழுத்தும் போட்டு!

எனக்கு வந்த கோபத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு ஸ்டேட்மெண்டில் “காரணம் தெரியவில்லை” என்று எழுதினேன். மற்ற அறிக்கைகளோடு அதைக் கட்டவில்லை. என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கடிதம் எழுதுவார்.

அக்டோபரில் யாரோ ஒரு மரக் காண்ட்ராக்டர் மொட்டைப் பெட்டிஷன் போட்டான். ரேஞ்சரே காட்டுக்குத் தீ வைத்தார், நெருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று. விசாரணை முடியும்வரை சுந்தரேசனை சஸ்பெண்ட் செய்தார்கள். அவரும் காமுவும் ஒரு டிரங்குப் பெட்டியோடு பாலிகஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“எதுக்கு அண்ணா கவலை? ரிப்போர்ட்டுல எல்லாம் விவரமா எழுதியிருக்கேன். துரை அதைப் படிச்சா புரிஞ்சுண்டுடுவார்” என்று தினம் காலையில் காப்பி குடிக்கும்போது சொல்லுவார்.

நான் தலையை ஆட்டிவிட்டு ரயிலுக்குப் போய்விடுவேன். காகிதத்தில் அவருக்கு எதிரான சாட்சி அந்த ரிப்போர்ட் ஒன்றுதான். அது என் அலமாரியில் இருக்கிறவரை யாராலும் அவரை ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஜனவரியில் மாநாடு வந்தது. காட்டுத் தீயைப் பற்றிப் படித்தவர்களையும், ஊர்த் தீயை அணைக்கிறவர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பேசவிட வேண்டும் என்று எங்கள் துரைக்குத் தோன்றிவிட்டது. துரை என்றால் எங்கள் செக்ரட்டரி. அவர்தான் அக்கிராசனர். மூன்று நாள். காட்டு அதிகாரிகள் பன்னிரண்டு பேர், டேராடூனிலிருந்து மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு துரை, ரயில்வே துரை ஒருவர், கல்கத்தாத் தீயணைப்புப் படையிலிருந்து ஒரு கேப்டன். குறிப்பெடுக்க நான். எல்லார் கையிலும் அச்சடித்த பதினோரு வருஷ ஸ்டேட்மெண்ட், அடியில் என் இனிஷியல். பார்க்க ரொம்ப லட்சணமாகத்தான் இருந்தது.

முதல் நாள் ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை.

“தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்?” என்று கேட்டார் கேப்டன்.

“தண்ணீர் கிடையாது” என்றார் ஒரு காட்டு அதிகாரி.

“குழாய்?”

“கிடையாது.”

“பின்னே எதைக்கொண்டு அணைக்கிறீர்கள்?”

“இலையோடு கிளையை ஒடித்து அடிப்போம்.”

கேப்டன் தன் மீசையைத் தடவிக்கொண்டார். பாவம், அவருக்கு வருத்தமாகிவிட்டது. பிறகு காட்டு அதிகாரிகள், தீ தாண்டாமல் இருக்கக் காட்டுக்கு நடுவே தலையில் வகிடு எடுத்த மாதிரி மரத்தை வெட்டிக் கோடு போடுவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். கோடு எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும் என்பதில் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு அபிப்பிராயம். ரயில்வே துரை நடுநடுவே எழுந்து, தன் இஞ்சினிலிருந்து பொறியே பறக்காது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கேப்டன் ஒரு கேள்வி கேட்டார். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

“சணல் கிடங்கில் தரையில் உதிரிச் சணல் கிடந்தால் நாங்கள் சொந்தக்காரனைப் பிடித்து அபராதம் போடுகிறோம். பெருக்கித் தள்ளு, இல்லாவிட்டால் கிடங்கே போய்விடும் என்கிறோம். உங்கள் காட்டில் சருகு முழங்கால் மட்டும் கிடக்கிறது என்கிறீர்கள். பெருக்குவதில்லையா?”

“அத்தனை சருகை எப்படிப் பெருக்குவது?”

“ஈரமாக இருக்கும்போது கொளுத்திவிட்டால்?”

கூடத்தில் ஒரு சலசலப்பு. காட்டு அதிகாரி ஒருவர் கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோலக் கேப்டனைப் பார்த்தார். டேராடூன் துரை மட்டும் நிதானமாகப் பதில் சொன்னார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார்.

“கிழட்டுக் காவலர்கள் சிலர் அப்படிச் சொல்லுகிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். பதினோரு வருஷம், மூவாயிரத்துக்கு மேல் தீ. முன்னாலேயே எரித்த இடத்தில் பெருந்தீ வந்து நின்றது என்று ஒரு இடத்தில்கூட இல்லை. ஒன்று இருந்தால் தற்செயல் என்பேன். இரண்டு இருந்தால், சர்க்கார் உத்தரவு தப்பு என்று நானே எழுதுகிறேன்.”

நான் அதைக் குறித்துக்கொண்டேன். அலமாரியில் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்று தற்செயல் என்று அவரே சொல்லிவிட்டாரே என்று சமாதானமாகிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் கேப்டன் மைதானத்தில் தன் வித்தையைக் காட்டினார். மூங்கிலும் வைக்கோலுமாக ஒரு குடிசை. அதைக் கொளுத்தினார்கள். குதிரைகள் நீராவிப் பம்பை இழுத்துக்கொண்டு வந்தன. குளத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சி நாலு நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். துரைமார்கள் கை தட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஜனமும் கை தட்டியது. கூடத்துக்குத் திரும்பி வந்ததும் கேப்டன் ஒன்று சொன்னார்.

“நான் செய்ததை எல்லாரும் பார்த்தீர்கள். காட்டுத் தீக்கு முன்னால் தானே நின்றவன் ஒருவன் பேசி நான் கேட்க வேண்டும். இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் ஆள் விட்டு அணைத்தவர்களாக இருக்கிறார்கள்.”

எங்கள் துரைக்கு வேடிக்கை என்றால் பிடிக்கும். “ஒருவன் இருக்கிறான். ஆனால் அவனே வைத்தான் என்று புகார். சஸ்பென்ஷனில் இங்கேதான் இருக்கிறான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

“அழைத்து வாருங்கள்” என்றார் கேப்டன்.

சேவகன் வண்டியில் பாலிகஞ்சுக்குப் போய், மூன்று மணிக்குச் சுந்தரேசனை அழைத்துவந்துவிட்டான். வெள்ளைத் தலைப்பாகை, பொத்தான் வைத்த கோட்டு. வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். தன் ரிப்போர்ட்டைக் கடைசியில் யாரோ படித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அவர் நின்றபடி பேசினார். டிசம்பரில் புல் காய்ந்திருந்தாலும் சருகின் அடியில் ஈரம் இருக்கும், விடியற்காலையில் பனி சொட்டும், அப்போது வைத்தால் தீ முழங்காலுக்கு மேல் எழாது, நடந்துகொண்டே கூடப் போகலாம் என்றார். மரக் கன்றுகள் கருகும், ஆனால் வேர் சாகாது, மழைக்கு மறுபடி துளிர்க்கும் என்றார். பிறகு ஏப்ரல் தீயைப் பற்றிச் சொன்னார். மூன்று நாள் இரவும் பகலும் எரிந்து வந்தது, மரத்தின் உச்சியில் தாவி வந்தது, ஓடைக்கரைக்கு வந்து, எரிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது என்றார். கேப்டன் முன்னால் சாய்ந்து கேட்டார். டேராடூன் துரை பென்சிலை எடுத்தார். நான் இருபத்திரண்டு வருஷத்தில் கேட்ட பேச்சுகளிலேயே அதுதான் நல்ல பேச்சு. வாயை மூடிக்கொண்டு போகக்கூடாதா என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே எழுதினேன்.

“அந்த டிசம்பர்த் தீயை யார் வைத்தது?” என்று கேட்டார் எங்கள் துரை.

“நான்தான். என் அறிக்கையில் ஒன்பதாவது கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.”

கூடத்தில் எல்லாரும் ஸ்டேட்மெண்டைப் புரட்டினார்கள். துரை விரலை வைத்துத் தேடினார்.

“உன் ரேஞ்ச். டிசம்பர். இதோ. காரணம் தெரியவில்லை.” அவர் என் பக்கம் திரும்பினார். குமாஸ்தாக்கள் எல்லாரும் அவருக்குப் பாபுதான். “பாபு, இது அறிக்கைகளைப் பார்த்துச் செய்ததுதானே?”

“அறிக்கைகளைப் பார்த்துத்தான் செய்தது, சார்” என்றேன். அது பொய் இல்லை.

துரை ஸ்டேட்மெண்டைச் சுந்தரேசன் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் படித்தார். தன் ரேஞ்சின் பெயரைப் படித்தார், காரணத்தைப் படித்தார், கீழே என் இனிஷியலையும் படித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அசட்டுப் பிள்ளை ஒருவன் பண்ணிய காரியத்தைப் பெரியவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் அவரைவிட ஒன்பது வயது மூத்தவன்.

“எது சரி?” என்றார் துரை.

சுந்தரேசன் ஸ்டேட்மெண்டை மடித்து மேஜை மேல் வைத்தார். “எனக்குத்தான் ஞாபகப் பிசகு, சார். ஸ்டேட்மெண்டில் இருப்பதுதான் சரியாக இருக்கும்” என்றார் சுந்தரேசன்.

எல்லாரும் சிரித்தார்கள். வீரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு விட்டான், பாவம் என்றார் ஒரு காட்டு அதிகாரி. டேராடூன் துரை பென்சிலைக் கீழே வைத்தார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. “தீ விபத்து நடந்த இடத்தில் ஆயிரம் பேரை விசாரித்திருக்கிறேன். வேலை போகிற விஷயத்தை யாரும் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்” என்றார். ஆனால் அவருக்கு அது ஊரான் வீட்டுக் காடு. அதற்கு மேல் அவர் பேசவில்லை.

துரை என்னிடம் தணிந்த குரலில், “இவன் மேல் காகிதத்தில் ஒன்றும் இல்லையே? சஸ்பென்ஷனை ரத்து செய்ய ஒரு உத்தரவு தயார் செய். கதை சொல்லாமல் வேலையைப் பார்க்கச் சொல்லி எச்சரிக்கை” என்றார். “நாளைக்குத் தீர்மானத்தையும் கொண்டுவா. தீயே கூடாது என்பது தொடரும். மாற்றுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுது.”

சாயங்காலம் ஒரே ரயிலில்தான் பாலிகஞ்சுக்கு வந்தோம். குளத்தங்கரையோடு நடக்கும்போதுதான் பேசினார்.

“என்னோடதை என்ன பண்ணினேள்?”

“அலமாரியில இருக்கு.”

“எனக்காகத்தான் பண்ணினேள்னு தெரியறது. நான் அங்கே மாத்திச் சொன்னது உங்களுக்காக. இல்லேன்னு சொன்னா உங்க வேலை போயிருக்கும்.”

“ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும். எதுக்கு மாப்பிள்ளே உங்களுக்கு இந்த வம்பு? வைச்சேள், நின்னுது, காடு தப்பிச்சுது. அதோட விட்டுடப்படாதா? எழுதணுமா?”

“எழுதாட்டா அடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். “டேராடூன் துரை ரெண்டு கேட்டார்னு சேவகன் வர வழியில சொன்னான். கூடத்துல எல்லாரும் அதையேதான் பேசிண்டாளாம். பதினோரு வருஷமா நீங்கதானே ரிப்போர்ட்டெல்லாம் சேர்க்கறேள். இன்னொருத்தன் எழுதியிருக்கானா?”

“நான் எங்கே படிச்சேன்? சேர்க்கறதுதான் என் வேலை.”

“பார்த்துச் சொல்லுங்கோ. இன்னும் ஒருத்தன் இருந்தாப் போறும். நாளைக்கு உள்ளே போய், நேத்து சொன்னது பொய், முந்தி சொன்னதுதான் நிஜம்னு சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும். உங்க பேரை எடுக்க மாட்டேன். ரிப்போர்ட் தபால்ல தொலைஞ்சு போச்சுன்னு வெச்சுக்கலாம்.”

“ஒருத்தரும் இல்லாட்டா?”

“அப்போ என் ஒருத்தன் பேச்சை வெச்சு அவர் என்ன எழுத முடியும்? திரும்பிப் போய் ரேஞ்சைப் பார்க்கறேன்.”

வீட்டுக்கு வந்து, நான் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது காமு கிணற்றடிக்கு வந்தாள். நாங்கள் பேசினதை அவரிடமிருந்து தெரிந்துகொண்டிருக்கிறாள்.

“அண்ணா, இருந்தாலும் இல்லைன்னு சொல்லிடு.”

“வேலை போயிடும்னு பயமா?”

“வேலை என்ன வேலை. நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாவது சாப்பிட்டுக்கலாம். அவர் காட்டை விட்டு இருக்க மாட்டார், அண்ணா. இந்த மூணு மாசமா பார்க்கறேனே. தூங்கறதே இல்லே. இங்கே தெருவில இருக்கற மரத்துக்கெல்லாம் பேரு கேட்டுண்டு அலையறார்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. “எனக்கு அவர் வேணும். அவருக்கு அந்தக் காடு வேணும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். இப்படி எழுதுகிற அசடு இன்னொன்று இருக்க முடியாது. ஆகவே பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை முதல் ரயிலைப் பிடித்து ஏழரை மணிக்கு ஆபீஸில் இருந்தேன். பதினோரு வருஷத்துக் கட்டுகளையும் ரிக்கார்டு அறையிலிருந்து இறக்கச் சொல்லி, நாடாவை அவிழ்த்து, ஒன்பதாவது கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். முதல் வருஷத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டாம் வருஷத்தில் ஒன்று அகப்பட்டது. சிங்பூம் பக்கத்து ரேஞ்சர் ஒருவர் எழுதியிருந்தார்: “மார்கழிப் பனியில் நாங்களே சருகைக் கொளுத்தினோம். கோடையில் வந்த தீ அங்கே நின்றது.” அதன் மேல் என் சிவப்புக் கோடு.

ஒன்றுதானே என்று பார்த்தேன். அடுத்த வருஷம் இரண்டு. டார்ஜிலிங் அடிவாரத்திலிருந்து ஒருவர், அழகான வங்காளிக் கையெழுத்தில். சந்தால் பர்கானாவிலிருந்து ஒருவர், இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி. ஒருவர் படம்கூடப் போட்டிருந்தார், எங்கே வைத்தார், எங்கே நின்றது என்று. ஒருவர், இதற்காக எனக்கு என்ன தண்டனை வந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தயவுசெய்து இதை யாராவது படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எல்லாவற்றின் மேலும் என் சிவப்புக் கோடு, மட்டம் வைத்து இழுத்தது போல நேராக. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். ஒருவர் காடு மற்றவர் காட்டுக்கு இருநூறு மைல். பத்து மணிக்கு நான் முடித்தபோது சுந்தரேசனைத் தவிரப் பதினான்கு பேர்.

அவர்களில் ஒருவருக்கும் ஒரு தண்டனையும் வரவில்லை. வராததற்குக் காரணம் நான். அவர்கள் எழுதியது ஒருத்தருக்கும் தெரியாமல் போனதற்கும் காரணம் நான். எனக்கு முதலில் அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. எழுதினீர்களே, பதில் வரவில்லை என்றதும் இன்னொரு முறை எழுதக்கூடாதா? ஆபீஸுக்கு வந்து மேஜையைத் தட்டிக் கேட்கக்கூடாதா? அந்தக் கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. பதினான்கு காகிதத்தையும் ஒன்றாக அடுக்கி என் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

பத்தரை மணிக்கு மாநாடு கூடும். துரையின் கையெழுத்துக்கு இரண்டு காகிதம் தயாராக இருந்தன. ஒன்று தீர்மானம்: ஆதாரம் எதுவும் இல்லாததால் பழைய உத்தரவே தொடரும். மற்றது சுந்தரேசனின் சஸ்பென்ஷன் ரத்து. பதினான்கோடு சேர்த்து உள்ளே போனால் முதல் காகிதத்தில் கையெழுத்து விழாது. டேராடூன் துரை வாக்கு மாறுகிற ஆள் இல்லை. ஆனால் சுந்தரேசன் எழுந்து உண்மையைச் சொல்லுவார், இரண்டாவது காகிதத்திலும் கையெழுத்து விழாது. பதினான்கு பேரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உத்தரவு மாற இரண்டு வருஷம் ஆகும், இவர்கள் வேலை அதற்கு முன்னாலேயே போய்விடும். என் வேலையும்தான். அதையும் நினைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

இரண்டு காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். துரை இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை, அவர் வழக்கம் அது. தீர்மானத்தை நான்தான் வாசித்தேன். “ஆதாரம் எதுவும் இல்லாததால்” என்ற இடத்தில் கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபம் உண்டா என்று துரை கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்தது, எல்லாரும் டீக்குப் போனார்கள்.

வெளியே வராந்தாவில் சுந்தரேசன் குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே கோட்டு, அதே தலைப்பாகை. உள்ளே போய்ப் பேசத் தயாராக வந்திருந்தார்.

“பார்த்தேளா?”

“பதினோரு வருஷமும் பார்த்தேன்.”

“எத்தனை பேர்?”

“ஒருத்தரும் இல்லே, மாப்பிள்ளே” என்று சொல்லி, உத்தரவை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட இல்லே.”

“அப்போ காத்துதான்” என்றார். “அந்த ஏப்ரல்ல மூணாம் நாள் காத்து திரும்பியிருக்கும். நான் கவனிச்சிருக்க மாட்டேன். நான் வெச்சதாலதான் நின்னுதுன்னு நெனைச்சுண்டுட்டேன். அப்படி இருந்தா இத்தனை பேர்ல இன்னொருத்தன் கண்ணிலேயாவது பட்டிருக்காதா?” அவர் என் முகத்தைப் பார்த்தார். “எட்டு வருஷம் அந்தக் காட்டுல இருந்து எனக்கு ஒண்ணும் தெரியலை, அண்ணா.”

அவர் உத்தரவைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மத்தியானம் ஹௌராவில் ரயில், காமுவை நேரே அங்கே வரச் சொல்லி ஆள் அனுப்புகிறேன் என்றார். இந்த டிசம்பரிலிருந்து வைக்க மாட்டேன், கன்றுகளையாவது கருகாமல் காப்பாற்றலாம் என்றார். படியில் இரண்டு அடி இறங்கினவர் திரும்பினார்.

“உங்களுக்கு இருக்கற வேலையில, எனக்காகக் காலங்கார்த்தால வந்து அத்தனையும் தேடிப் பார்த்தேளே. பெரிய உபகாரம், அண்ணா” என்று கையைக் கூப்பிவிட்டுப் போனார்.